பாட்டி காலத்து வெள்ளிக் காப்பா, முலாமா? உரசாமலே பார்க்கலாம்

பழைய காப்பை விற்கவோ மாற்றவோ வேலூர் லாங் பஜாருக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே தண்ணீரில் எடை போட்டுப் பாருங்கள். முதலில் காப்பை அப்படியே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து பூஜ்யமாக்கி, காப்பை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க முக்குங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி கிடைக்கும். 62.4 கிராம் காப்புக்கு 6.0 வந்தால் விடை 10.4. அது நல்ல வெள்ளி. எட்டரை பக்கம் வந்தால் பித்தளையோ, பெயரில் மட்டும் வெள்ளியான ஜெர்மன் சில்வரோதான்.

முலாம் மேல்தோலை மட்டும்தான் மாற்றும், உள்ளே இருக்கும் உலோகத்தின் அடர்த்தியை மாற்றாது. உரைகல்லில் லேசாகத் தேய்த்தால் மேல்பூச்சே வெள்ளி என்று சொல்லிவிடும். அழுத்தித் தேய்த்தாலோ கையால் கொத்திய பூவேலை போய்விடும். அந்த வேலைப்பாட்டைத் திரும்பப் பெறவே முடியாது. முறுக்குக் கம்பி இடுக்கில் காற்றுக்குமிழி நிற்கும், அதை உதறிவிடுங்கள், இல்லையென்றால் கணக்கு குறைத்துக் காட்டும்.

உள்ளே அரக்கு அடைத்த காப்பு, உள்ளே வெற்றாக இருக்கும் பொள்ளல் காப்பு, கல் பதித்தது, இவற்றுக்கு இந்தக் கணக்கு உதவாது. அரக்குக் காப்பை நனைக்கவே வேண்டாம். தராசும் 0.1 கிராம் வரை காட்ட வேண்டும், முழு கிராம் மட்டும் காட்டும் சமையல் தராசு போதாது.