நெல் நாற்றில் ஸ்டீராய்டு ஹார்மோன் வேலை செய்வதைக் கண்ணால் பார்ப்பது எப்படி?

நெல் தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே தயாரித்துக்கொள்கிறது: செல் சவ்வில் இருக்கும் கேம்பெஸ்டீரால் என்ற கொழுப்புப் பொருளை நொதிகள் படிப்படியாக மாற்றி, நடுநடுவே ஆக்சிஜனையும் சேர்த்துக்கொண்டே போக, கடைசியில் கிடைப்பது காஸ்டாஸ்டீரோன் என்ற ஹார்மோன். அந்த நொதிகளுக்கான டி2, டி11 மரபணுக்கள் பழுதானால் பயிர் குட்டையாகி, இலைகள் விறைத்து நிற்கும்.

சரி, சோதனைக்கு வருவோம். முளைகட்டிய நெல்லை ஈரப்பஞ்சில், 30 டிகிரி வெப்பத்தில், முழு இருட்டில் ஒரு வாரம் வளர்க்கவும். இரண்டாம் இலையின் விரிந்த பரப்பும் தண்டைச் சுற்றியுள்ள உறையும் சேரும் மூட்டைக் கண்டுபிடித்து, மேலும் கீழும் 1 செ.மீ. விட்டுப் புது பிளேடால் வெட்டுங்கள். ஒரே மாதிரி நிமிர்ந்த துண்டுகளை மட்டும் எடுங்கள், இதில் சோம்பல்பட்டால் அளவெல்லாம் வீண்.

பாதியைக் காய்ச்சி வடித்த நீரிலும், மீதியை உரக்கடையில் விற்கும் 0.04 சதவீத ஹோமோபிராசினோலைடை (இதே வகை ஸ்டீராய்டு ஹார்மோன்) லிட்டருக்கு 1 மில்லி கலந்த நீரிலும் மிதக்கவிட்டு, மறுபடி இருட்டில் 48 மணி நேரம் வையுங்கள். அப்புறம் பாகைமானியால் கோணத்தை அளந்து பாருங்கள். ஹார்மோன் பட்ட மூட்டில் உள்பக்கச் செல்கள் நீள்வதால் இலை நன்றாக வெளியே சாய்ந்திருக்கும்.