‘வரலாற்றில் இன்று’ பலகைக்குத் தேதி தவறாமல் தொகுப்பது எப்படி?

பள்ளிக் காலைக் கூட்டத்துக்கோ நூலக வாசல் பலகைக்கோ ‘வரலாற்றில் இன்று’ எழுதுகிறவர்கள் பலரும் முந்தின நாள் இரவு இணையத்தில் தேடி, முதலில் கண்ணில் பட்ட மூன்று வரிகளை எடுத்துக்கொள்கிறார்கள். பிழை நுழைவது அந்த வழியாகத்தான். ஆண்டு முழுமைக்கும் ஒரு பட்டியலைச் சரிபார்த்துக் கட்டிவிட்டால் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் அதுவே போதும்.

பட்டியலில் 365 அல்ல, 366 நாள் வேண்டும். மொரார்ஜி தேசாயும் (1896) ருக்மிணி தேவி அருண்டேலும் (1904) பிப்ரவரி 29-இல் பிறந்தவர்கள். மற்ற ஆண்டுகளில் அவர்களை 28-ஆம் தேதியே போட்டுவிடுங்கள்; மாதமாவது மாறாமல் இருக்கும்.

எக்செலில் தொகுப்பதானால் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனிக் கட்டங்களில் வெறும் எண்ணாக இடுங்கள். 1900-க்கு முந்தைய தேதியை எக்செல் தேதியாகவே ஏற்காது, எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தினால் எல்லாம் கலைந்துபோகும். 3/5 என்று சேர்த்து எழுதினால் அமெரிக்க முறையில் அமைத்த கணினி அதை மார்ச் 5 என்று படிக்கும். அடுத்த கட்டங்களில் நிகழ்வு, இடம், நாட்காட்டி, இரண்டு ஆதாரங்கள் வரட்டும். இவற்றோடு ‘இது எதன் தேதி’ என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். பாதிப் பிழைகளைப் பிடித்துக் கொடுப்பது அந்தக் கட்டம்தான்.

தமிழ்நாடு என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மொழிவழி மாநிலமாக எல்லை வகுக்கப்பட்டது 1956 நவம்பர் 1. பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது 1967 ஜூலை 18. பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. ‘தமிழ்நாடு பிறந்த நாள்’ என்று மட்டும் எழுதினால் மூன்றில் எது என்று யாருக்கும் விளங்காது. ‘தீர்மானம் நிறைவேறிய நாள்’ என்று எழுதினால் சண்டைக்கே இடமில்லை.

சினிமாவிலும் இதே சிக்கல்தான். இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமான ‘ராஜா ஹரிச்சந்திரா’ அழைக்கப்பட்டவர்களுக்குத் திரையிடப்பட்டது 1913 ஏப்ரல் 21. பொதுமக்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தது மே 3. தணிக்கைச் சான்றிதழில் இருக்கும் தேதி வெளியீட்டுத் தேதி அல்ல; அதற்கு அன்றைய நாளிதழ் விளம்பரத்தைப் பாருங்கள். ‘தீபாவளி ரிலீஸ்’ என்ற நினைவை வைத்துக்கொண்டு இந்த ஆண்டு தீபாவளியன்று போட்டுவிடவும் கூடாது. ‘பராசக்தி’ வந்த 1952-இல் தீபாவளி அக்டோபர் 17. அந்தத் தேதியில்தான் அது வர வேண்டும்.

நாளிதழை ஆதாரமாகக் கொள்ளும்போது ஒன்றை மறக்காதீர்கள்: காலைப் பத்திரிகையில் இருப்பது பெரும்பாலும் முந்தின நாள் செய்தி. வார, மாத இதழ்களின் அட்டைத் தேதி இன்னும் நம்பத்தகாதது. பல இதழ்கள் அட்டையில் போட்ட தேதிக்கு முன்பே கடைக்கு வந்துவிடும்.

நள்ளிரவைத் தொடும் நிகழ்வுகளில்தான் அதிகக் கவனம் தேவை. பாரதியார் மறைந்தது 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு கடந்த பிறகு. ஆங்கிலக் கணக்கில் அது 12-ஆம் தேதி. சூரிய உதயத்தில் நாள் தொடங்கும் நம் வழக்கில் இன்னும் 11. அரசு மகாகவி நாளாகக் கொண்டாடுவது செப்டம்பர் 11. பலகையில் ‘11 இரவு, விடிந்தால் 12’ என்று எழுதுங்கள், அதுவே நேர்மை. யாழ்ப்பாண நூலக எரிப்பையும் ‘1981 மே 31 இரவு தொடங்கி ஜூன் 1’ என்றே குறிக்க வேண்டும்.

தொலைதூர நிகழ்வுக்கு நேர வித்தியாசம் பாருங்கள். ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தபோது உலகப் பொது நேரம் 1969 ஜூலை 21 அதிகாலை 2.56. அமெரிக்காவில் இன்னும் ஜூலை 20 இரவு; இந்தியாவில் 21 காலை 8.26. நிகழ்ந்த இடத்தின் தேதியைப் போடுவது பொது விதி. நிலவுக்கு அது பொருந்தாது என்பதால் எந்த நேரம் என்று சேர்த்தே எழுதுங்கள்.

அடுத்தது பழைய நாட்காட்டி. பழைய ஜூலியன் கணக்கிலிருந்து இன்று நாம் பின்பற்றும் கிரிகோரியனுக்கு ரோம் 1582-இல் மாறியது. பிரிட்டன் 1752 செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளை 14 என்று அறிவித்து மாறியது. ரஷ்யா 1918 வரை மாறவில்லை. அக்டோபர் புரட்சியை நவம்பர் 7-இல் நினைவுகூர்வது இதனால்தான். ஜூலியன் தேதியை இன்றைய கணக்குக்கு மாற்றக் கூட்ட வேண்டிய நாள் 1582 முதல் 1700 பிப்ரவரி வரை 10. அதன்பின் 1800 வரை 11, 1900 வரை 12, பிறகு 13. நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25 இன்றைய கணக்கில் 1643 ஜனவரி 4. கலிலியோ இறந்தது இன்றைய கணக்கில் 1642. ஆகவே ‘கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்’ என்ற வரியை அடித்துவிடுங்கள். இரண்டு நாட்காட்டிகளைக் கலந்ததால் பிறந்த வரி அது. சென்னை தினமான 1639 ஆகஸ்ட் 22-உம் ஆங்கிலேயர் ஜூலியன் கணக்கைப் பின்பற்றிய காலத்துத் தேதி. வழக்கத்தில் ஊன்றிவிட்ட இத்தகைய நாளை மாற்ற வேண்டாம். ‘பழைய கணக்கு’ என்று கட்டத்தில் குறித்தால் போதும்.

தமிழ்த் தேதி கிடைத்தால் பொக்கிஷம்தான், ஆனால் மாற்றும்போது வழுக்கும். தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் தொடங்குவதால் சித்திரபானு கார்த்திகை 27 என்பது 1882 டிசம்பர் 11, பாரதியார் பிறந்த நாள். அதே சித்திரபானுவின் மாசி 1883-இல் விழும். மார்கழி இரண்டு ஆங்கில ஆண்டுகளிலும் பாதி பாதியாகக் கிடக்கும். 60 ஆண்டுச் சுழற்சியில் பெயர் திரும்ப வருவதால் 1882-ஆ 1942-ஆ என்பதையும் வேறு சான்றால் உறுதி செய்ய வேண்டும். ராஜராஜ சோழனின் ஐப்பசிச் சதயம் போன்ற நட்சத்திர நாள்களை நிலையான தேதியில் பூட்டாதீர்கள். ஆண்டுதோறும் பஞ்சாங்கம் பார்த்து நிரப்பத் தனித்தாள் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையில் ஒன்று கூடும், குறையும். 2022 ஆகஸ்ட் 15 சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டு நிறைவு. ஆனால் 76-ஆவது சுதந்திர தினம், ஏனென்றால் 1947-இலேயே முதல் தினம் வந்துவிட்டது. கி.மு.விலிருந்து கணக்கிட்டால் பூஜ்ய ஆண்டு கிடையாது என்பதால் ஒன்றைக் கழியுங்கள்: கி.மு. 490-இல் நடந்த மாரத்தான் போருக்கு 2,500 ஆண்டு நிறைந்தது 2011-இல்.

பலகைக்கு நாளொன்றுக்கு மூன்று குறிப்பு, ஒவ்வொன்றும் 30 சொல்லுக்குள். இரண்டு ஆதாரமும் ஒரே இணையதளத்திலிருந்து படியெடுத்தவை என்றால் அவற்றை ஒன்றாகவே எண்ணுங்கள். மறைவையும் படுகொலையையும் பிறந்தநாள் வாழ்த்தின் அருகே ஒட்டாமல் பலகையின் கீழ்ப்பகுதியில் தனியே வையுங்கள். வாசகர் யாராவது தவறு காட்டினால் மறுநாளே அதே இடத்தில் திருத்தம் எழுதி, பட்டியலிலும் அன்றே மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் அடுத்த ஆண்டு அதே பிழை மீண்டும் பலகை ஏறும்.