ஆழமில்லாத ஏரியில் தூண்டில் போடும் முன்: மினசோட்டா மீன் கணக்கெடுப்பைப் படிக்கப் பழகுவோம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குக் குடிவந்த முதல் கோடையில், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு குட்டி ஏரி இருந்தது பெரிய அதிர்ஷ்டமாகப் பட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தூண்டிலோடு கரையில் உட்கார்ந்தேன். கிடைத்ததெல்லாம் விரல் நீள ப்ளூகில் மீன் குஞ்சுகள். புழு தீர்ந்ததுதான் மிச்சம். இத்தனைக்கும் போவதற்கு முன்பே அரசு இணையதளத்தில் அந்த ஏரியின் அறிக்கையைப் பார்த்திருந்தேன். நல்ல பாஸ் மீன் இருப்பதாக அதில் போட்டிருந்தது. அப்புறம் புழு விற்கிற கடையில் ஒரு பெரியவர்தான் விஷயத்தைச் சொன்னார்: இரண்டு குளிர்காலத்துக்கு முன் அந்த ஏரி மூச்சுத் திணறி, மீனெல்லாம் செத்து மிதந்ததாம். நான் படித்த அறிக்கை அதற்கும் முந்தையது. அறிக்கையில் தப்பில்லை, தேதியைப் பார்க்காதது என் தப்பு.

இந்த மாநிலத்தில் 10 ஏக்கர் அல்லது அதற்கு மேல் பரப்புள்ள ஏரிகள் மட்டும் 11,842. அவற்றில் ஆழமில்லாதவை ஏராளம். அப்படி ஒரு ஏரி உங்கள் வீட்டுப் பக்கம் இருந்தால், தூண்டிலை எடுக்கும் முன் அரை மணி நேரம் இதைச் செய்து பாருங்கள்.

படி 1: சரியான ஏரியைக் கண்டுபிடியுங்கள்

மாநில இயற்கை வளத் துறையை இங்கே எல்லோரும் டி.என்.ஆர். என்பார்கள். அவர்களுடைய இணையதளத்தில் லேக்ஃபைண்டர் என்ற பக்கம் இருக்கிறது. ஏரியின் பெயரைப் போட்டுத் தேடலாம், ஆனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். லாங் லேக், மட் லேக், ரைஸ் லேக் என்ற பெயர்களில் மாநிலம் முழுக்க ஏரிகள் கொட்டிக் கிடக்கின்றன. கவுண்டியையும், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரியான பிரிவையும், சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு ஏரிக்கும் எட்டு இலக்க எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் கவுண்டியைக் குறிக்கும். அதை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை குழப்பமில்லை.

மட் என்றால் சேறு, ரைஸ் என்பது இங்கே தண்ணீரில் தானாக விளையும் காட்டரிசி. இரண்டுமே ஆழமில்லாத தண்ணீரின் அடையாளம். பெயரிலேயே பாதி விடை இருக்கிறது.

படி 2: ஆழத்தைப் பாருங்கள்

பக்கத்தின் மேலேயே பரப்பு, அதிகபட்ச ஆழம், லிட்டோரல் பரப்பு என்று மூன்று எண்கள் இருக்கும். லிட்டோரல் என்பது 15 அடியோ அதற்குக் குறைவோ ஆழமுள்ள பகுதி. வெயில் தரைவரை இறங்கி, பாசியும் நீர்ச்செடியும் வளரக்கூடிய இடம் என்று வைத்துக்கொள்ளலாம். ஏரியின் மொத்த ஆழமே 15 அடிக்குள் இருந்தாலோ, பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் லிட்டோரலாக இருந்தாலோ அதை ஆழமற்ற ஏரி என்று கணக்கில் சேர்க்கிறார்கள்.

கூடவே நீர்த் தெளிவையும் பாருங்கள். செக்கி தட்டு என்ற வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எத்தனை அடியில் கண்ணுக்கு மறைகிறது என்று அளப்பார்கள். ஆழமற்ற ஏரிகளில் பெரும்பாலும் இரண்டே குணம்தான். ஒன்று, தெளிந்த தண்ணீரும் நிறைய நீர்ச்செடியும். அங்கே ப்ளூகில், பாஸ், பைக். இன்னொன்று, பச்சைக் கலங்கல். அங்கே பெரும்பாலும் அடிச்சேற்றைக் கிளறும் கார்ப்பும் புல்ஹெட்டும். கோடையில் தட்டு இரண்டு மூன்று அடியிலேயே மறைந்தால் இரண்டாவது வகை என்று யூகிக்கலாம்.

மீன்களை ஒரு வரியில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். ப்ளூகில் உள்ளங்கை அளவு தட்டை மீன், நம்மூர் ஜிலேபியை நினைவூட்டும். புல்ஹெட் மீசையும் முள்ளும் உள்ள கெளுத்தி வகை. நார்தர்ன் பைக் நீளமாக, வாய் நிறையப் பல்லோடு இருக்கும். பெர்ச் மஞ்சளில் கறுப்புப் பட்டை போட்டது. பாஸ் பெரிய வாயுள்ள வேட்டை மீன். கிராப்பி ப்ளூகில்லின் உறவுக்கார மீன். வாலாய்தான் இந்த ஊர்க்காரர்களின் செல்லம்.

படி 3: குளிர்காலத்தை விசாரியுங்கள்

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட முக்கியமான படி இதுதான். நீச்சல் குளம் மாதிரி பத்தடி ஆழமுள்ள ஏரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நவம்பர், டிசம்பரில் மேலே பனிக்கட்டி மூடிவிடும். மூடுகிற நேரத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் தாராளமாகவே இருக்கும். உறைநிலைத் தண்ணீர் லிட்டருக்கு 14 மில்லிகிராமுக்கு மேல் பிடித்து வைத்துக்கொள்ளும், 25 டிகிரி வெந்நாளில் 8 சொச்சம்தான். ஆனால் மூடியபின் காற்றிலிருந்து வரவு நின்றுபோகிறது. கண்ணாடி போன்ற கட்டியாக இருந்தாலாவது கொஞ்சம் வெளிச்சம் இறங்கும், செடி கொஞ்சம் ஆக்சிஜன் விடும். அதன் மேல் ஓர் அடி பனி கொட்டிவிட்டால் அதுவும் போச்சு. உள்ளே இருட்டு. கோடையில் வளர்ந்த அத்தனை செடியும் அடியில் அழுக ஆரம்பிக்கும். அழுகல் ஆக்சிஜனைத் தின்னும். ஆழமான ஏரியில் சேமிப்பு அதிகம், ஏப்ரல்வரை தாங்கும். ஆழமற்றதில் சேமிப்பு கொஞ்சம், செலவு அதிகம். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் மீன்கள் சாகத் தொடங்கும். இதற்கு இங்கே விண்டர்கில் என்று பெயர்.

எல்லா மீனும் ஒன்றாகச் சாவதில்லை. முதலில் போவது பாஸும் ப்ளூகில்லும். வாலாய் நடுவில். பைக்கும் பெர்ச்சும் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கடைசிவரை கிடப்பது புல்ஹெட். அதனால் ஓர் அறிக்கையில் புல்ஹெட், பெர்ச், பைக் மட்டும் கூட்டமாக இருந்து, பாஸும் ப்ளூகில்லும் அரிதாக இருந்தால், அந்த ஏரி அண்மையில் ஒரு கெட்ட குளிர்காலத்தைக் கண்டிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். நம்மூர் விரால் குளம் வற்றிச் சேறானாலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். பனிக்கட்டிக்கு அடியில் மேலே வந்தாலும் முட்டுவது கூரைதான்.

இதை எப்படி விசாரிப்பது? அறிக்கையின் எழுத்துப் பகுதியில் விண்டர்கில் என்ற சொல் வருகிறதா என்று தேடுங்கள். ஏரேஷன் கருவி, அதாவது காற்று ஊதும் கருவி, வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அந்த ஏரிக்கு மூச்சுத் திணறும் பழக்கம் உண்டு என்று அர்த்தம். அப்புறம், ஏரிக்குள் ஓடை வந்து விழுகிறதா, வெளியே போகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். ஓடை இருந்தால் செத்த ஏரிக்கும் வசந்தத்தில் பைக் தானாக நீந்தி வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, புழுக் கடையில் கேளுங்கள்.

படி 4: வலைக் கணக்கைப் படியுங்கள்

அறிக்கையின் நடுவில் ஒரு அட்டவணை. மீன் பெயர், வலை வகை, ஒரு வலைக்கு எத்தனை மீன், வழக்கமான அளவு, சராசரி எடை, அதற்கும் வழக்கமான அளவு. முதலில் பார்க்கும்போது தலை சுற்றும். இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்.

ஒன்று, வலை. கில் நெட் என்பது 250 அடி நீளச் செவுள் வலை. 50 அடிக்கு ஒரு கண் அளவாக ஐந்து அளவுகள் கொண்டது. நீந்திக்கொண்டே இருக்கும் பைக், வாலாய், பெர்ச் இதில் நன்றாக மாட்டும். டிராப் நெட் என்பது கரையிலிருந்து நீளும் வேலி போன்ற வலை. அதை ஒட்டியே போகும் மீன் கூட்டுக்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளும். ப்ளூகில், கிராப்பி, புல்ஹெட்டுக்கு இதைப் பாருங்கள். இரண்டையும் ஓர் இரவு போட்டுவைத்து மறுநாள் தூக்குவார்கள். பாஸ் இரண்டிலும் சரியாக மாட்டாது. அதற்கு வசந்தத்தில் மின்சாரம் பாய்ச்சும் படகில் தனியாக எண்ணுவார்கள். எனவே வலை அட்டவணையில் பாஸ் 0.3 என்று பார்த்து மனம் உடைய வேண்டாம்.

இரண்டு, வழக்கமான அளவு. மாநில ஏரிகளை ஆழம், பரப்பு, நீரின் தன்மை போன்றவற்றை வைத்து 40-க்கும் மேற்பட்ட வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் ஏரியின் வகுப்பில் உள்ள மற்ற ஏரிகளில் நடுப்பகுதி ஏரிகளுக்குக் கிடைக்கும் எண்ணிக்கைதான் வழக்கமான அளவு. உங்கள் எண் அதற்கு மேலா கீழா என்பதே கேள்வி.

பழகிப் பார்க்க நானே கற்பனையாக ஓர் ஏரி போடுகிறேன். 110 ஏக்கர், ஆழம் 11 அடி. பைக் வலைக்கு 14, வழக்கம் 4 முதல் 10. சராசரி எடை 1.4 பவுண்டு. ப்ளூகில் வலைக்கு 45. சராசரி எடை 0.12 பவுண்டு.

பைக் 14 என்றதும் வாயில் தண்ணீர் ஊறும். ஊற வேண்டாம். 1.4 பவுண்டு பைக் 18, 19 அங்குலம்தான் இருக்கும்; இங்கே அதற்குச் சுத்தியல் பிடி என்றே பட்டப்பெயர். பனி உருகிய கையோடு பைக் கரையோரச் செடிகளில் முட்டை இடும், ஆழமற்ற ஏரி அதற்குத் தொட்டில். ஆனால் பெரிதாக வளரக் கோடையில் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், அது இங்கே கிடையாது. ஆக, கூட்டம் அதிகம், வளர்ச்சி கம்மி. 0.12 பவுண்டு ப்ளூகில் சுமார் 5 அங்குலம். பொரித்தால் முள்ளும் மசாலாவும்தான். எண்ணிக்கை உயர்ந்து எடை தாழ்ந்தால் நெரிசல். இரண்டும் நடுவாக இருந்தால் நல்ல ஏரி. எண்ணிக்கை குறைந்து எடை உயர்ந்திருந்தால் பொறுமைசாலிகளுக்கான ஏரி. எனக்குப் பிடித்தது அதுதான்.

சராசரியோடு நிற்காமல் கீழே உள்ள நீள அட்டவணையையும் பாருங்கள். 7, 8 அங்குல ப்ளூகில் சில இருந்தாலும் ஏரியில் உயிர் இருக்கிறது. அந்தப் பெரிய ஆண்கள்தான் ஜூன் வாக்கில் கூட்டைக் காவல் காக்கும், அப்போது பிடிப்பதும் சுலபம். அவற்றை மொத்தமாக அள்ளிவிட்டால் சின்ன ஆண்கள் சீக்கிரமே பருவத்துக்கு வந்து, அதற்கப்புறம் வளராமல் நின்றுவிடும். சில ஏரிகளில் ப்ளூகில் வரம்பை நாளுக்கு 20-லிருந்து 10-ஆகவோ 5-ஆகவோ குறைத்திருப்பது இதனால்தான்.

படி 5: தேதியும் குஞ்சு விட்ட கணக்கும்

சின்ன ஏரிகளைப் பல வருடங்களுக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பார்கள். எட்டு வருடப் பழைய அறிக்கை என்றால், நடுவில் எட்டு குளிர்காலம் போயிருக்கிறது. மீன் குஞ்சு விட்ட பட்டியல் தனியாக இருக்கும். வாலாய் ஃப்ரை லட்சக்கணக்கில் விட்டார்கள் என்று பார்த்து ஏமாறாதீர்கள். ஃப்ரை என்பது பொரித்து ஓரிரு நாளான குஞ்சு. சில ஏரிகளில் வசந்தத்தில் விட்டு, இலையுதிர் காலத்தில் ஃபிங்கர்லிங்காக, அதாவது விரல் நீளக் குஞ்சாக, அள்ளி வேறு ஏரிக்குக் கொண்டுபோவார்கள். உங்கள் ஏரி வெறும் நாற்றங்காலாக இருக்கலாம்!

படி 6: சரி, இப்போது தூண்டில்

16 வயது நிரம்பியிருந்தால் உரிமம் கட்டாயம். பைக், வாலாய் பிடிக்கும் பருவம் மே நடுவில் ஒரு சனிக்கிழமை தொடங்கும். ப்ளூகில், கிராப்பி, பெர்ச் வருடம் முழுக்கப் பிடிக்கலாம். பைக் விதி இடத்துக்கு இடம் மாறும்: மாநிலத்தின் வட-மத்தியப் பகுதியில் 22 முதல் 26 அங்குலம்வரை உள்ளவற்றைத் திரும்ப விட்டுவிட வேண்டும், சின்னதைத் தாராளமாக எடுக்கலாம், மொத்த வரம்பு 10. இது சுத்தியல் பிடிக் கூட்டத்தைக் குறைக்கத்தான். போகும் வருடத்து விதிப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

தொடக்கக்காரருக்கு ஆழமற்ற ஏரியில் நல்ல நேரம் பனி உருகியபின் வரும் இரண்டு, மூன்று வாரம். வெயில் நாளெல்லாம் படும் வடகரையில், சேறு கறுத்த மூலைகள் முதலில் சூடாகும். கிராப்பியும் ப்ளூகில்லும் அங்கே கூடும். மெல்லிய நரம்பு, 8-ஆம் எண் முள், சின்னத் தக்கை, அரைப் புழு. ஈயக்குண்டுக்குப் பதில் தகரக்குண்டு வாங்குங்கள். மாநிலப் பறவையான லூன் ஈயத்தை விழுங்கிச் சாகிறது. பைக் இருக்கும் ஏரி என்றால் முள்ளுக்கு முன்னால் ஒரு சாண் கம்பி போடுங்கள், நரம்பைக் கடித்துக்கொண்டு போய்விடும்.

பனிக்கட்டி மேல் போக ஆசை இருந்தால், நடக்கத் தெளிந்த புதுக் கட்டி குறைந்தது 4 அங்குலம் வேண்டும். காற்று ஊதும் கருவி உள்ள ஏரியில் எச்சரிக்கைப் பலகைக்கு அருகே போகவே வேண்டாம். ஆழமற்ற ஏரியில் மீன் கடிப்பது கட்டி போட்ட முதல் சில வாரங்களில்தான். பிப்ரவரியில் துளை போட்டதும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால், மூட்டை கட்டிக் கிளம்புங்கள்.

மீந்த இரைமீனை ஏரியில் கொட்டாமல் குப்பையில் போடுங்கள். வாளித் தண்ணீரை அங்கேயே கரையில் ஊற்றிவிடுங்கள். ஏரித் தண்ணீரை ஏற்றிக்கொண்டு போவது சட்டப்படித் தப்பு.

என் வீட்டுப் பக்கத்து ஏரிக்கு இன்னும் புது அறிக்கை வரவில்லை. போன ஏப்ரலில் பனி உருகிய வாரம் கரையைச் சுற்றி ஒரு நடை போனேன். ஓடை விழும் மூலையில் செத்த புல்ஹெட் இரண்டு கிடந்தன, வேறொன்றுமில்லை. அன்று மாலையே போய்ப் புழு வாங்கினேன். ப்ளூகில் இப்போது ஆறு அங்குலம் வந்திருக்கிறது.