மெமரி போதவில்லையா? எந்த மெமரி என்று முதலில் பாருங்கள்

திறந்திருக்கும் செயலிகள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் ரேமையும் மெமரி என்கிறோம், படங்களும் கோப்புகளும் தங்கும் டிஸ்க்கையும் மெமரி என்கிறோம். இதனால்தான், வேலை செய்துகொண்டிருக்கும்போது 'மெமரி போதவில்லை' என்று எச்சரிக்கை வந்ததும் பலர் பதறிப்போய்ப் படங்களை அழிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது ரேமைப் பற்றிய எச்சரிக்கை. படம் போய்விடும், எச்சரிக்கை போகாது. விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் எதையும் அழிக்கும் முன் இப்படிப் பாருங்கள்.

முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியை கிளிக் செய்யுங்கள். '6.9/8.0 ஜிபி, 86%' என்பதுபோல ஒரு கணக்கு தெரியும். இது ரேம். இப்போது திறந்திருக்கும் செயலிகள்தான் இந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன. அந்தச் சாளரத்தை மூடாமல், பிரவுசரில் வேண்டாத டேப்களை ஒவ்வொன்றாக மூடுங்கள். எண் கண்ணெதிரே இறங்கும். எந்தக் கோப்பையும் தொட வேண்டியதில்லை.

அடுத்து, விண்டோஸ் கீயுடன் ஆங்கில 'E' எழுத்து கீயை அழுத்தி, 'திஸ் பிசி'க்குப் போங்கள். சி டிரைவின் கீழே ஒரு பட்டை இருக்கும். அது சிவப்பாக இருந்தால் டிஸ்க் நிறையப் போகிறது என்று அர்த்தம். ரீசைக்கிள் பின், டவுன்லோட்ஸ் இரண்டையும் சுத்தம் செய்ய வேண்டியது அப்போதுதான்.

இங்கே இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. 500 ஜிபி என்று வாங்கிய டிஸ்க் 465 ஜிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024 x 1024 x 1024 என்று பெருக்கி, ஏறத்தாழ 107 கோடி பைட் என்று எண்ணுகிறது. இந்தப் பெரிய கணக்குக்கு 'கிபிபைட்' (gibibyte, GiB) என்று 1998-லேயே தனிப்பெயர் வைத்தாகிவிட்டது. ஆனாலும் விண்டோஸ் இன்னும் ஜிபி என்றே எழுதுகிறது.

இணைய வேகத்திலும் இதே கதைதான். இணைப்பு தரும் நிறுவனம் சொல்வது மெகாபிட், டவுன்லோட் ஆகும்போது பிரவுசர் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வராது. புகார் செய்யும் முன் எட்டால் வகுத்துப் பாருங்கள்.

அப்புறம், இரண்டு பொருளில் வரும் இன்னொரு சொல் போர்ட். யுஎஸ்பி போர்ட் என்றால் கேபிள் செருகும் இடம். 'போர்ட் 443' என்று எண்ணோடு வந்தால் கணினியின் பின்பக்கம் தேடாதீர்கள். அது பாதுகாப்பான இணையதளங்களோடு பேச பிரவுசர் பயன்படுத்தும் எண். அதைப் பற்றிப் பிழைச்செய்தி வந்தால், இணையத் தொடர்புகளை அனுமதிக்கும் அல்லது தடுக்கும் ஃபயர்வாலின் அமைப்புகளைத் திறந்து பாருங்கள்.