வென்டிலேட்டர் ஆய்வுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்களில் நிமோனியா, நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிப்போதல், ஆக்சிஜன் குறைதல் என்று மூச்சுச் சிக்கல்கள் வருவதுண்டு. அறுவை அரங்கில் வென்டிலேட்டரை எப்படி வைத்தால் இவை குறையும் என்று பல ஆய்வுகள் நடந்துள்ளன. அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவரும்போதுதான் சறுக்கல்.

எல்லாவற்றிலும் பெரியது எடைக் கணக்கு. ஒரு மூச்சுக்குச் செலுத்தும் காற்று கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி என்று ஆய்வுகள் சொல்லும்போது, அது தராசு காட்டும் கிலோ அல்ல. உயரத்திலிருந்து கணக்கிடும் கிலோ. உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை. 155 செ.மீ. உயரமும் 90 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். உயரத்தில் 152.4-ஐக் கழித்து, 0.91-ஆல் பெருக்கி, 45.5-ஐக் கூட்டினால் ஏறக்குறைய 48 கிலோ. (ஆண்களுக்கு 45.5-க்குப் பதில் 50.) கிலோவுக்கு 7 மில்லி வீதம் 336 மில்லி போதும். தராசு எடையைப் போட்டால் 630 மில்லி! கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. குள்ளமான, பருமனான பெண்களே இந்தத் தவறுக்கு அதிகம் ஆளாகிறார்கள். உயரத்தைக் குத்துமதிப்பாக எழுதாமல் டேப் வைத்து அளப்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

ஒரே ஆய்வை வைத்து முடிவுகட்டுவது அடுத்த தவறு. 2013-ல் பிரான்சில் 400 பேரிடம் நடந்த 'இம்ப்ரூவ்' ஆய்வில், பெரிய சிக்கல்கள் 27.5 சதவீதத்திலிருந்து 10.5 சதவீதமாகக் குறைந்தன. "காற்றைக் குறைத்ததால் வந்த பலன்" என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் அங்கே மாற்றியது மூன்று விஷயங்கள்: காற்றின் அளவு, மூச்சு வெளியேறும்போது நுரையீரலில் தக்கவைக்கும் அழுத்தமான 'பீப்', இடையிடையே நுரையீரலை விரித்துவிடுவது. ஒப்பீட்டுக்கு வைத்த எதிர்த்தரப்பினருக்கு பீப் அறவே இல்லை. 2020-ல் ஆஸ்திரேலியாவில் இரு தரப்புக்கும் பீப் 5 (செ.மீ. நீர் அழுத்தம்) வைத்து, கிலோவுக்கு 6 மில்லியையும் 10 மில்லியையும் ஒப்பிட்டபோது வேறுபாடு தெரியவில்லை: நுரையீரல் சிக்கல் வந்தவர்கள் முறையே 38, 39 சதவீதம்.

அப்படியானால் பீப்தான் மருந்து, ஏற்றிக்கொண்டே போகலாம் என்று நினைப்பதும் பிழை. 2014-ல் 900 பேரிடம் நடந்த 'ப்ரோவில்லோ' ஆய்வு, நுரையீரலை விரித்துவிட்டு பீப் 12 வைத்து, குறைந்த பீப்புடன் ஒப்பிட்டுப் பார்த்தது. சிக்கல்கள் குறையவில்லை, ரத்த அழுத்தம்தான் அதிகம் பேருக்கு இறங்கியது.

இந்தச் சதவீதங்களை ஆய்வுக்கு ஆய்வு நேரடியாக ஒப்பிடவும் கூடாது. 'சிக்கல்' என்பதில் எதையெல்லாம் சேர்த்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

கடைசியாக, எல்லாப் பொறுப்பையும் இயந்திரத்தின் தலையில் கட்டுவது. 2018-ல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல்வயிற்று அறுவைக்குக் காத்திருந்த 441 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு தரப்புக்குக் கையேடு மட்டும். மறு தரப்புக்குக் கையேட்டுடன், அறுவைக்கு முன்பே பிசியோதெரபிஸ்ட் அரை மணி நேரம் உட்கார்ந்து, கண் விழித்ததும் எப்படி ஆழமாக மூச்சிழுக்க வேண்டும், எப்படி இரும வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நுரையீரல் சிக்கல்கள் 27 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தன. அறுவைக்கு நாள் குறித்தவர்கள் இந்தப் பயிற்சியை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.