விசிட்டிங் ஃபெலோஷிப்: முதலில் ஆளைப் பிடியுங்கள், அப்புறம் படிவத்தை

சர்வதேச உறவுகளில் பிஎச்.டி. செய்யும் பிள்ளைகள் என்னிடம் எடுத்த எடுப்பில் கேட்பது, "மேடம், லாஸ்ட் டேட் எப்போ?" என்பதுதான். தண்டையார்பேட்டையில் குடியிருந்து, வடசென்னைக் கல்லூரி ஒன்றில் அரசியல் அறிவியல் நடத்தும் நான் திருப்பிக் கேட்பது வேறு: "அங்கே யாரைப் பார்க்கப் போறே?"

விசிட்டிங் ஃபெலோஷிப்பில் பட்டமும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமோ ஆய்வு மையமோ சில மாதங்களுக்கு உட்கார ஒரு மேசை கொடுத்து, நூலகத்தைத் திறந்துவிடும். உங்கள் வேலையில் அக்கறையுள்ள ஒருவர் அந்தக் கட்டடத்தில் இல்லையென்றால், போய் வந்ததற்குப் புகைப்படம்தான் மிஞ்சும்.

அந்த ஆளைத் தேட கூகுள் வேண்டாம், உங்கள் அடிக்குறிப்புகளே போதும். யாருடைய பெயர் அங்கே திரும்பத் திரும்ப வருகிறதோ அவர்தான். தொலைக்காட்சியில் தினமும் தலைகாட்டும் பெரிய பேராசிரியரை விட, முதல் புத்தகம் போட்டு முடித்த நடுவயதுக்காரர் பதில் போட வாய்ப்பு அதிகம்.

அடுத்தது தலைப்பு. பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். "இந்தியா–மியான்மர் உறவுகள்: ஒரு பார்வை" என்று எழுதி அனுப்பினால், அதை எழுத டெல்லியில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், உங்களை எதற்கு விமானம் ஏற்றிக் கூப்பிட வேண்டும்? வியாசர்பாடியை நினைத்துப் பாருங்கள். 1962இல் பர்மாவில் (இன்றைய மியான்மர்) ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார், கடைகளும் தொழில்களும் தேசியமயமாயின, லட்சக்கணக்கான இந்தியர்கள் வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள். அப்படி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல வியாசர்பாடியில் குடியமர்ந்தன. பர்மாவில் விட்டு வந்த சொத்துக்காக டெல்லி ரங்கூனிடம் (அன்றைய பர்மாவின் தலைநகர்) எவ்வளவு தூரம் வாதாடியது, எங்கே விட்டுக்கொடுத்தது? இப்படிக் கேட்டால் அது ஆய்வுக் கேள்வி. அந்த வீடுகளின் பீரோக்களில் இருக்கும் பழைய காகிதங்களை வாஷிங்டன்காரர் வந்து புரட்ட முடியாது, நீங்கள் புரட்டலாம். சரி, பிறகு வெளிநாடு எதற்கு? பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவோடு இருந்தது. பிரித்த பிறகான பர்மா அலுவலக ஆவணங்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பர்மா இந்தியர்களின் குடியுரிமைச் சிக்கலின் வேரைத் தேட அங்கே போய்த்தான் ஆக வேண்டும். "ஏன் நான், ஏன் அங்கே" என்ற இரண்டுக்கும் ஒரே பத்தியில் விடை வந்துவிட்டது, பாருங்கள்.

அதற்காக, சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் பிறந்தவரெல்லாம் கச்சத்தீவை எழுத வேண்டியதில்லை. அது பாக் நீரிணை விவகாரம். நம் விசைப்படகுகளுக்குத் தகராறு ஆந்திரக் கரைப் பக்கம்தான். தேர்வுக் குழுவில் விஷயம் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார்.

இனி மின்னஞ்சல். "மாண்புமிகு ஐயா, தாழ்மையுடன் வேண்டிக்கொள்வது" எல்லாம் மனு எழுதும் இடத்தோடு நிற்கட்டும். முதல் வரியில், அவருடைய எந்தக் கட்டுரையில் எந்த வாதம் உங்களுக்கு உதவியது, எதில் நீங்கள் மாறுபடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். அடுத்து உங்கள் கேள்வி, கையில் இருக்கும் ஆதாரம், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை வர முடியும், எந்த நிதிக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள். ஒரு பக்க ஆய்வுத் திட்டத்தை இணையுங்கள். முழு ஆய்வேட்டையும் தூக்கி அனுப்பாதீர்கள். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போங்கள்.

நிதி எங்கே கிடைக்கும்? இந்தியாவில் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தவர்களுக்கு ஃபுல்பிரைட்–நேரு ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்காவில். நம் ஆட்கள் அதிகம் கண்டுகொள்ளாதது தைவான் ஃபெலோஷிப். தைவான் வெளியுறவு அமைச்சகம் கொடுப்பது. மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரை. தைவான், தைவான்–சீன உறவு, ஆசிய–பசிபிக் என்று வேலை செய்பவர்களுக்கானது. விண்ணப்பக் காலம் வழக்கமாக மே, ஜூன். முனைவர் பட்ட ஆய்வாளருக்கும் உதவிப் பேராசிரியருக்கும் மாதம் 50,000 தைவான் டாலர் என்பது நான் பார்த்த அறிவிப்புகளில் இருந்த தொகை. விமானச் சீட்டும் உண்டு. தென்கிழக்கு ஆசியா என்றால் சிங்கப்பூரின் ஐசீஸ் (ISEAS) ஆய்வு நிறுவனத்தைப் பாருங்கள், 1968 முதல் இயங்குகிறது. எந்த ஆண்டானாலும் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைத்தான் நம்ப வேண்டும்.

"உங்களை விசிட்டிங் ஸ்காலராக ஏற்கிறோம்" என்று கடிதம் வந்த உடனே ஸ்டேட்டஸ் போட்டுவிடாதீர்கள். அதில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் நூலக அட்டை மட்டும்தான்; சில இடங்களில் மேசைக்கு நாம் கட்டணம் கட்ட வேண்டும். வாடகை, மருத்துவக் காப்பீடு, விசா செலவு யார் தலையில் என்பதைக் கூச்சப்படாமல் எழுதிக் கேளுங்கள். அவர்கள் தவறாக நினைக்க மாட்டார்கள்.

நேர்காணல் பெரும்பாலும் ஜூமில். ஆடி மாதம் விழுந்தால் வீட்டில் உட்காராதீர்கள். எங்கள் தெருவில் கூழ் ஊற்றும் நாளில் அம்மன் பாட்டு ஒலிபெருக்கியில் எதிர்வீட்டுக்காரர் பேசுவதே கேட்காது.

அரசு ஊழியராக இருந்தால் இன்னொரு படி. தங்குமிடமோ பயணச் செலவோ வெளிநாட்டு அமைப்பு ஏற்றால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி தேவை. எஃப்சி-2 படிவம், ஆன்லைனில். துறையின் தடையில்லாச் சான்றும் வேண்டும், அந்தக் கோப்பு ஒவ்வொரு மேசையாக நகர்வதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஏற்புக் கடிதம் வந்த வாரமே மனுவைக் கொடுத்து, ரசீது எண்ணை வாங்கி வையுங்கள்.

ஃபுல்பிரைட்டில் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. அது ஜே-1 விசா, அதாவது பரிமாற்றத் திட்டத்தில் வருபவர்களுக்கானது. திரும்பி வந்து இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்த பிறகுதான் ஹெச்-1பி வேலை விசாவோ கிரீன் கார்டோ பெற முடியும். "அப்படியே அங்கே வேலை பார்த்துக்கிட்டு செட்டில் ஆகிடுவா" என்று வீட்டில் மாமா யாராவது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால், கிளம்பும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.