'குதிப்பன் சேர்' என்பதற்குக் கைதட்டாதீர்கள்: விபத்துத் தடுப்பு வகுப்பில் விடும் தவறுகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பாடசாலைகள், இளைஞர் கழகங்களில் விபத்துத் தடுப்பு வகுப்பு எடுக்கப் புதிதாக வருகிறவர்கள் ஒரே குழியில்தான் மாறி மாறி விழுகிறார்கள். மைக் கரகரத்தது, பேச்சு நீண்டுவிட்டது போன்றவற்றை விட்டுவிடுவோம். அவை நாலு வகுப்பில் தானாகச் சரியாகும். தானாகச் சரியாகாதவை இவை.

இரத்தப் படம் காட்டுவது

வேண்டாம். பின் வாங்கில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், முன் வாங்கில் இருப்பவர்கள் கண்ணைப் பொத்துவார்கள்.

'தண்ணிப் பக்கம் போகாதே' என்று முடித்துக்கொள்வது

போவார்கள். வீட்டில் சொல்லாமல் போவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எந்தத் தண்ணீர் என்ன செய்யும் என்று பிரித்துச் சொல்லுங்கள். பாசிக்குடாவில் நெடுந்தூரம் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து பழகியவன் கல்லடிக் கடலிலும் அப்படியே இறங்கப் பார்ப்பான். கல்லடியில் அலை காலை வாரும். மாரியில் முகத்துவாரம் வெட்டுப்பட்டால் வாவியில் நிறைந்த வெள்ளம் அந்த வாயால் கடலுக்குப் பாயும், நல்ல நீச்சற்காரனும் அதை எதிர்த்து வரமுடியாது. உன்னிச்சையோ நவகிரியோ, எந்தக் குளமானாலும் தண்ணீர் திறந்துவிடும் மதகான துருசுக்குக் கிட்ட இறங்கக் கூடாது: கதவு திறந்திருந்தால் அடியில் இழுவை இருக்கும், மேலே தண்ணீர் அசையாமல் கிடக்கும். ஆற்றில் மண் அள்ளிய இடத்தில் முழங்காலளவிலிருந்து அடுத்த எட்டிலேயே ஆள் தாழும்.

கடல் வெளியே இழுத்தால் கரையைப் பார்த்து நேரே நீந்தாமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை விட்டதும் அலையோடு உள்ளே வர வேண்டும். களைத்தால் மல்லாந்து மிதக்க வேண்டும். இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள்.

'குதிப்பன் சேர்' என்பதற்குக் கைதட்டுவது

எரிச்சல் தீராத தவறு இதுதான். "உன்ர கூட்டாளி தாழுறான், என்ன செய்வாய்?" என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "குதிப்பன் சேர்!" என்கும். கேட்டவர் சிரித்து, "கெட்டிக்காரன்" என்று தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போவார். ஒரு சாவு இரண்டாகவும் மூன்றாகவும் ஆவது இந்தப் பதிலால்தான். தாழ்கிறவன் எண்ணிப் பார்த்துச் செயற்படுவதில்லை. கைக்கு அகப்பட்டதன்மேல் ஏறி மூச்செடுக்கப் பார்ப்பான், அகப்படுவது காப்பாற்றப் போனவனின் தலையும் தோளும். பத்தாம் வகுப்புப் பெடியனுக்கு அந்தப் பிடியைக் கழற்றத் தெரியாது.

இன்னொன்று: தாழ்கிறவன் கத்தமாட்டான், கையசைக்கவும் மாட்டான். வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழும் போகும், தலை பின்னே சாயும், கைகள் இரு பக்கமும் தண்ணீரை அமுக்கும், உடம்பு நிமிர்ந்து நிற்கும். ஒரு நிமிடம்கூட அப்படி நிற்பான் என்று நம்ப முடியாது. பக்கத்தில் நிற்பவர்கள் பகிடி விடுகிறான் என்று நினைப்பார்கள். இந்த நிலையை ஒரு பிள்ளையைக் கொண்டு நடித்துக் காட்டுங்கள்.

பிறகு, குதிக்காமல் செய்வதைக் கையில் கொடுங்கள். மூடியுள்ள 5 லீற்றர் பிளாஸ்ரிக் கான் ஒன்று, 15 மீற்றர் கயிறு. கானில் அரை லீற்றர் தண்ணீர் விட்டு மூடியை இறுக்க வேண்டும். வெறும் கானைக் காற்று திருப்பிவிடும், நிறைத்தால் எறிய முடியாது. கயிறு மிதக்கிறதா என்று வாளியில் போட்டுப் பாருங்கள், நைலோன் தாழும். ஒரு நுனியைக் கானின் கைபிடியில் கட்டி, மறு நுனியைக் காலால் மிதிக்க வேண்டும். இடுப்பிலோ மணிக்கட்டிலோ கட்டினால் எறிந்தவனும் உள்ளே போவான். ஆளின்மேல் எறியாமல் தலைக்கு மேலால் அப்பால் எறிந்தால் கயிறு அவன் தோளில் விழும். பிடித்ததும் எறிந்தவன் நிலத்தில் குந்தியோ படுத்தோ இழுக்க வேண்டும்.

மைதானத்தில் 10 மீற்றருக்கு அப்பால் ஒருவரை இருத்தி எல்லோரும் எறிந்து பழகட்டும். முதல் எறி தவறும். இரண்டாவதுக்குக் கயிற்றை அழகாகச் சுருட்டி நேரத்தை வீணாக்காமல், காலடியில் தளர இழுத்துப் போட்டு உடனே எறியச் சொல்லுங்கள். கான் இல்லாத இடத்தில் நீட்டுத் தடி, சாரம், தென்னை மட்டை. ஒருவர் எறியும்போதே இன்னொருவர் பெரியவர்களைக் கத்திக் கூப்பிட்டு 1990 அம்புலன்ஸுக்கு அடிக்க வேண்டும்.

கரைக்கு வந்தவனைத் தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்கித் தண்ணி எடுப்பது இரண்டும் நேர விரயம். மூச்சில்லை என்றால் மல்லாக்கக் கிடத்தி, மூக்கைப் பிடித்து வாயால் 5 தரம் ஊதி, பிறகு நெஞ்சில் 30 அமுக்கு, 2 ஊதல் என்று அம்புலன்ஸ் வரும்வரை தொடர வேண்டும். எழும்பி இருந்து கதைத்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஹெல்மெட்டைச் சட்டமாகச் சொல்வது

பொலிஸுக்காகப் போட்டால் பொலிஸ் இல்லாத ஒழுங்கையில் முழங்கையில் தொங்கும். வகுப்புக்கே ஒன்றைக் கொண்டுபோங்கள். பட்டியைப் பூட்டி நாடிக்குக் கீழே இரண்டு விரல் மட்டும் போகிறதா பாருங்கள், பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னே தள்ளுங்கள். கழன்றால் அது சட்டி. பெரிய அடி பட்ட ஹெல்மெட்டில் வெடிப்புத் தெரியாவிட்டாலும் உள்ளே நசிந்திருக்கும், மாற்ற வேண்டும்.

அதைவிட முக்கியம், ஏறாமல் விடுவது. ரியூசன் முடிந்து மோட்டார் சைக்கிளில் மூன்றாவது ஆளாக "ஏறடா" என்று கூப்பிட்டால் மறுக்கிற வசனம் வாயில் தயாராக இருக்க வேண்டும்: "நீ போ, நான் பஸ்ஸில வாறன்." விளக்கம் சொல்லத் தொடங்கினால் இழுத்து ஏற்றிவிடுவார்கள். சோடி சோடியாக விட்டுச் சொல்லப் பழக்குங்கள்.

பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டச் சொல்வது

கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, நடக்காதே. ஆஸ்பத்திரி.

உறுதிமொழி எழுதி வாங்குவது

தாள் செலவு.

ஒரு நாளோடு முடிப்பது

கை மறந்துவிடும். ஏப்ரல் விடுமுறைக்கு முன் ஒரு தரமும், ஐப்பசி மழைக்கு முன் ஒரு தரமும் கான் எறிதலைத் திரும்பச் செய்யுங்கள். அப்போதே கயிற்றையும் இழுத்துப் பாருங்கள், வெயிலில் கிடந்தால் உக்கியிருக்கும்.